கடமைப் பட்டியலும் வகுப்பு நாட்காட்டியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாவை அண்டிய சீனன்குடா, விமானப்படைத் தளத்தையும் பிறீமா மாவாலையையும் சுற்றி வளர்ந்த ஊராதலால், இரவையும் பகலையும் முறைவைத்துப் பங்கிட்டு உழைப்பது அங்கு பல குடும்பங்களுக்குப் பழக்கமான ஒன்றாகும். கணவன் இரவு முறைக்குப் புறப்படும் வேளையில் மனைவி பகல் வேலை முடித்துத் திரும்புவதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்மம்மாவின் கையில் விழுவதும் அத்தகைய வீடுகளில் புதியவை அல்ல. அங்கிருந்து தாதியாகப் பணிக்குச் செல்லும் ஒருவர் மேற்படிப்பையும் தொடங்கும்போது, வைத்தியசாலையின் கடமைப் பட்டியல், வீட்டின் ஒழுங்கு ஆகிய இரண்டோடு பல்கலைக்கழகத்தின் வகுப்பு நாட்காட்டியும் சேர்ந்துவிடுகிறது. இம்மூன்றும் மோதும் இடங்களை வேலைக்கான நேர்முகப் பரீட்சையிலேயே எடுத்துச் சொல்வதா, நியமனம் கிடைத்தபின் பார்த்துக்கொள்வதா என்ற கேள்வி இளந்தாதியர் பலரை அலைக்கழிக்கிறது.

இக்கேள்வி இலங்கையில் எந்தக் கட்டத்தில் எழுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அரச சேவைக்குச் செல்லும் தாதியர் பெரும்பாலும், க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியடைந்து, வர்த்தமானி அறிவித்தலின்படி விண்ணப்பித்து, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் முதலிய இடங்களில் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தாதியர் கல்லூரிகளில் மூன்றாண்டு டிப்ளோமாப் பயிற்சி பெறுகிறார்கள். வைத்தியசாலைப் பயிற்சியும் வகுப்பும் அங்கு ஒரே நிருவாகத்தால் வகுக்கப்படுவதாலும், மாணவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டென்பதாலும், படிக்கும் காலத்தில் வேறொரு வேலையைத் தேடவேண்டிய நெருக்கடி குறைவு. வேலையும் படிப்பும் முட்டிக்கொள்வது டிப்ளோமா முடிந்து, பட்டப்படிப்பை நாடும்போதுதான். பணியிலுள்ள தாதியர் வேலையை விடாமலே விஞ்ஞானமாணிப் பட்டம் பெறுவதற்கான வழியை இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994 ஆம் ஆண்டு திறந்துவைத்தது. தொலைக்கல்வி எனப்படும் இம்முறையில் பாடநூல்களை வீட்டிலிருந்தே கற்கலாம் என்றாலும், நேர்முக வகுப்புகள், செயன்முறைப் பயிற்சிகள், பரீட்சைகள் ஆகியவற்றுக்குக் குறித்த நாளில் குறித்த நிலையத்துக்குச் சென்றே ஆகவேண்டும். தொலைக்கல்வி என்ற பெயரை நம்பி, நேரில் செல்லவேண்டிய நாட்களைக் கணக்கிடாமல் சேர்பவர்கள் இடையில் தடுமாறுவது இதனாலேயே.

அரச வைத்தியசாலைகளில் தாதியர் கடமை வழக்கமாகக் காலை 7 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, 1 மணி முதல் மாலை 7 மணி வரை, மாலை 7 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை என மூன்றாக வகுக்கப்படுகிறது; பகல் முறைகள் 6 மணிநேரம், இரவு முறை 12 மணிநேரம். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் வெள்ளிக்கிழமை இரவுக் கடமை பார்க்கும் ஒருவருக்குச் சனிக்கிழமை காலை 9 மணிக்கு மட்டக்களப்புப் பிராந்திய நிலையத்தில் வகுப்பு இருப்பதாகக் கொள்வோம். 7 மணிக்கு அடுத்த தாதியிடம் நோயாளரின் நிலையை ஒப்படைத்து, குறிப்பேட்டில் எழுத வேண்டியதை எழுதி வெளியேறவே நேரம் பிடிக்கும். அதன்பின் கிண்ணியா, மூதூர், வாகரை வழியாகச் சுமார் 130 கிலோமீற்றர் பயணம் இருக்கிறது. எத்தனை உறுதி இருந்தாலும் அவர் அந்த வகுப்பின் தொடக்கத்துக்குப் போய்ச்சேர இயலாது; பிந்திச் சேர்ந்தாலும் இரவு முழுதும் விழித்த கண்ணோடு பாடத்தில் அமர்ந்து, மீண்டும் அதே தொலைவைக் கடந்து, ஞாயிறு காலை 7 மணிக்கு வாட்டில் நிற்க வேண்டியதாகலாம். பட்டியல் எழுதுபவரின் பார்வையில் அவருக்குச் சனிக்கிழமை ஓய்வு. உண்மையில் அவர் உறங்கவே இல்லை.

அரச நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை, பெரும்பாலும் சான்றிதழ்களையும் தகைமைகளையும் சரிபார்க்கும் ஒன்று. பணியிடத்தை அமைச்சு தீர்மானிப்பதால், எந்த நாளில் யாருக்கு எந்தக் கடமை என்ற பேச்சுக்கு அம்மேசையில் இடமில்லை. அப்பேச்சுக்குரிய இடம், நியமனம் பெற்றுச் சேரும் வைத்தியசாலையில் தாதியர் நிருவாகத்தைப் பார்க்கும் மேட்ரனின் அறையும், வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரின் மேசையும்தான். கற்கைக்கான விடுமுறை பற்றித் தாபனக் கோவை, அதாவது அரச ஊழியரின் சேவை நிபந்தனைகளைத் தொகுத்துக் கூறும் விதிநூல், வழிசெய்திருந்தாலும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போவது போன்ற சிறு தேவைகள் சிஸ்டர் எழுதும் பட்டியலிலேயே தீர்க்கப்பட வேண்டியவை.

தனியார் வைத்தியசாலைகளில் நிலைமை வேறு. அங்கு ஆளைத் தெரிவுசெய்பவரும் கடமையை ஒழுங்கு செய்பவரும் ஒரே நிருவாகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதாலும், சில இடங்களில் பகல் முறையே 12 மணிநேரம் நீள்வதாலும், நேர்முகப் பரீட்சையில் பேசாமல் விட்டது பின்னர் வாக்குமீறலாகப் பார்க்கப்படக்கூடும். படிப்பைச் சொன்னால் வேலை கிடைக்காது என்ற அச்சம் நியாயமானதே. குடும்பத்தின் வருமானத்தை நம்பியிருப்பவருக்கு அது சிறிய அச்சமும் அல்ல. எனினும் முதல் மாதத்துப் பட்டியல் வெளிவந்ததும் வெளிப்படப்போகும் ஒன்றை மறைப்பதால் கிடைப்பது ஒரு மாத அவகாசம் மட்டுமே. வேலைபற்றியும் அனுபவம்பற்றியும் பேசி முடித்து, தேர்வாளர் ஆர்வம் காட்டத் தொடங்கியபின், நியமனக் கடிதத்தில் ஒப்பமிடுவதற்கு முன் இதை எடுத்துரைப்பதே தகும்.

சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். "படிக்கிறேன், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ மேட்ரன்" என்ற வேண்டுகோள் பணிவாக இருந்தாலும், எத்தனை நாள், எந்த நேரம் என்பதை அது தெரிவிப்பதில்லை. கேட்பவர் அதைப் பெரிய தொல்லையாகவே கற்பனை செய்துகொள்வார். மாறாக, "இந்தத் தவணையில் ஆறு சனிக்கிழமை மட்டக்களப்பில் வகுப்பு இருக்குது மேட்ரன், திகதிகள் இதில் இருக்கு, அதற்கு முந்தின இரவு மட்டும் நைட் டியூட்டி இல்லாமல் இருந்தால் போதும், மற்ற வார இறுதிகளில் எந்த முறை என்றாலும் வருவன்" என்று நாட்காட்டியின் பிரதியோடு முன்வைத்தால், பட்டியல் எழுதுபவருக்கு வேலை செய்யக்கூடிய தகவல் கிடைக்கிறது. மாற்ற முடியாதது எது, விட்டுக்கொடுக்கக்கூடியது எது என்று பிரித்துக் காட்டுவது இதில் முதன்மையானது: பரீட்சை நாள் அசையாது; குழுக் கலந்துரையாடலை அசைக்கலாம்.

சக தாதியரோடு கடமை மாற்றிக்கொள்வதை மட்டுமே நம்பிப் படிப்பைத் தொடங்குவோரும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து பணியாற்றும் திருகோணமலை மாவட்டத்தில், பொங்கலும் பெருநாளும் வெசாக்கும் வெவ்வேறு நாட்களில் வருவதால், ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் நின்றுகொடுக்கும் கைமாற்றுக்கு நல்ல வாய்ப்பிருக்கிறது. அது பேணப்பட வேண்டிய நல்லுறவு. ஆனால் மாற்றிப் பெற்ற ஒவ்வொரு நாளையும் பின்னர் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பதால், தவணை முடிவில் கடன்கள் குவிந்து, மாலை முறையும் அதைத் தொடர்ந்த இரவு முறையுமாக 18 மணிநேரம் ஒரே மூச்சில் நிற்க நேரலாம். அமெரிக்காவில் 393 தாதியரின் வேலை நேரங்களை ஆராய்ந்து 2004 இல் வெளியான ஆய்வொன்று, 12.5 மணிநேரமோ அதற்கு மேலோ நீண்ட கடமைகளில் தவறு நேரும் வாய்ப்பு மும்மடங்காக உயர்ந்ததைக் காட்டியது. மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் நோயாளிக்கு என்ன நேரும் என்பதை எந்தத் தாதிக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே வகுப்பு நாட்களை முன்கூட்டிச் சொல்வது, சலுகை கேட்பதைக் காட்டிலும் நோயாளரின் பாதுகாப்பைச் சார்ந்த தகவலைத் தருவதாகும். அவ்வாறே அது சொல்லப்படவும் கேட்கப்படவும் வேண்டும்.

நிருவாகத்துக்கும் இதில் கடமை உண்டு. சர்வதேசத் தொழில் அமைப்பு 1977 இல் நிறைவேற்றிய 149 ஆம் இலக்கத் தாதியர் சமவாயம், வேலை நேரம், வாராந்த ஓய்வு, மகப்பேற்று விடுமுறை ஆகியவற்றோடு கல்வி விடுமுறையையும் சேர்த்தே எண்ணுகிறது. படிக்கும் தாதிக்கு ஒதுக்கும் சனிக்கிழமை, படிக்காத தாதியின் தலையில் நிரந்தரமாக விழக்கூடாது என்பதும் உண்மையே. சிறு பிள்ளையுள்ளவரும் முதிய பெற்றோரைப் பார்ப்பவரும் அதே வாட்டில் இருக்கிறார்கள். அதனால் படிப்புக்கான ஒழுங்கு தனிப்பட்ட தயவாக இராமல், எல்லோரும் அறிந்த விதியாக, பட்டியலோடு சேர்த்துச் சுவரில் ஒட்டப்படும் அளவுக்கு வெளிப்படையாக இருப்பது நல்லது.

இணங்கியதை எழுத்தில் பெறுவதும் தேவை. மேட்ரன்கள் இடமாற்றம் பெறுகிறார்கள், சிஸ்டர்கள் ஓய்வுபெறுகிறார்கள். வாய்ச்சொல் அவர்களோடு போய்விடும். தனியார் நிறுவனமாயின் நியமனக் கடிதத்தின் இணைப்பாகவும், அரச வைத்தியசாலையாயின் மேட்ரனுக்கு முகவரியிட்ட கடிதத்தின் முத்திரையிட்ட பிரதியாகவும் அது இருக்கலாம். பரீட்சைத் திகதிகள் பிந்தி அறிவிக்கப்படுவதும் தள்ளிப்போவதும் உண்டாகையால், திகதி மாறினால் எத்தனை நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்ற ஒரு வரியும் அக்கடிதத்தில் இடம்பெற வேண்டும்.