ஊர்க் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதுதல்: தூத்தூர்க் கடற்கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஊர்க் கால்பந்துக் கழகங்களின் வரலாறு பெரும்பாலும் வெள்ளிவிழா மலர்களோடு நின்றுவிடுகிறது. அம்மலர்கள் வென்ற கோப்பைகளைப் பட்டியலிடும். புரவலர்களின் படங்களை அச்சிடும். ஊதியமோ சொந்த ஆடுகளமோ இல்லாத ஒரு கழகம் தலைமுறைகளைக் கடந்து எவ்வாறு நிலைத்தது என்ற வினாவுக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பிலுள்ள தூத்தூர் வட்டாரக் கடலோர ஊர்களைக் கொண்டு அவ்விடையைத் தேடும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் ஆடுகளமும்

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்னும் எட்டு ஊர்களும் கேரள எல்லையிலிருந்து குழித்துறைத் தாமிரபரணியின் கழிமுகம் வரை ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளன. தெற்கே அரபிக்கடல், வடக்கே திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். இரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்திட்டில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. பன்னாட்டு விதிப்படி ஓர் ஆடுகளம் குறைந்தது 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். அத்தகைய வெற்றிடம் இங்குக் கடற்கரையிலன்றி எளிதில் வாய்ப்பதில்லை.

அக்கடற்கரையும் ஆட்டத்திற்கென ஒதுக்கப்பட்டதன்று. படகு ஏற்றுவதும் கரைமடி இழுப்பதும் மீன் உலர்த்துவதும் அங்குதான். தொழில் ஓய்ந்த பொழுதில் மட்டுமே அது ஆடுகளமாகிறது. மணலில் பந்து துள்ளுவதில்லை, உருள்வதும் குறைவு. ஆகவே காலடியில் பந்தை அடக்கி, சிறு இடைவெளியில் திரும்பி, மேலெழுப்பிக் கடத்தும் ஆட்டமுறை இங்கு இயல்பாக அமைகிறது. (கால்பந்துக்குச் சங்ககால மூலம் தேட வேண்டியதில்லை, சங்கப் பாடல்களில் வரும் பந்து பெரும்பாலும் மகளிர் கையாடலுக்குரியது.)

இரு எல்லைகள்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்த இவ்வூர்களுக்கும் மேற்கே அடுத்துள்ள பொழியூர், பூவாறு ஆகிய ஊர்களுக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. திருச்சபையின் எல்லை மாறவில்லை. 1937இல் உருவாகி 2004இல் உயர்மறைமாவட்டமான திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டத்திலேயே தூத்தூர் வட்டாரப் பங்குகள் தொடர்கின்றன. குமரிக் கடற்கரையின் ஏனைய பங்குகள் பலவும் கோட்டாறு மறைமாவட்டத்தைச் சார்ந்தவை.

விளையாட்டு வரலாற்றுக்கு இம்முரண் முதன்மையானது. 1941இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பைப் போட்டியில் வீரர்கள் மாநிலவாரியாக ஆடுகின்றனர். ஆகவே ஒரே கடலில் தொழில் செய்து, ஒரே மறைமாவட்டத்தில் வழிபட்டு, மணஉறவாலும் பிணைந்த இரு ஊர்களின் இளைஞர்கள் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்குமாகப் பிரிந்து நிற்க நேர்கிறது. மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் ஆவணங்களை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு எல்லைக்கு அப்பாலுள்ள உறவு புலப்படாது. ஊர்த் திருநாளையொட்டிய போட்டி அழைப்பிதழ்கள் அவ்வுறவைக் காட்டக்கூடிய சான்றுகள். ஆனால் அவை எவரும் பாதுகாக்கக் கருதாத தாள்கள்.

தொழிலின் நாள்காட்டி

தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்கு, குறிப்பாகச் சுறா மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்றவர்கள். கொச்சியிலிருந்து குசராத்து வரையுள்ள துறைமுகங்களைத் தளமாகக் கொண்டு வாரக்கணக்கில் கடலில் தங்குவர். ஆட்டத்திறன் உச்சத்திலிருக்கும் இருபது வயதினரே படகுக்கும் வேண்டியவர்கள். எனவே ஊரணியின் பலம் படகுகளின் வரவைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. மேற்குக் கடற்கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகினர் கரையிலிருப்பர். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றின் அலை மணலை அரித்துக் கரையைக் குறுக்குவதும் அதே காலத்தில்தான். ஆட்கள் உள்ளபோது ஆடுகளம் சுருங்குகிறது. மணல் மீளத் திரளும்போது ஆட்கள் கடலில் இருக்கின்றனர். மாநிலப் போட்டி அட்டவணை இவ்விரண்டையும் கருதி வகுக்கப்படுவதன்று.

இத்தடைகளைத் தாண்டியவர்களில் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் குறிப்பிடத்தக்கவர். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளுக்கு ஆடிய அவர், 2019இல் இந்திய அணியிலும் இடம்பெற்றார்; 2019-20 இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற ஏ.டி.கே. அணியிலும் இருந்தார். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை வீரர். இவ்வெற்றிகள் நாளிதழ்களில் பதிவாகிவிட்டன. கடலுக்குச் சென்றுவிட்ட உடன் ஆட்டக்காரர்களுக்கு அத்தகைய பதிவில்லை.

சான்றுகளும் அவற்றின் நிலையும்

பதிவுபெற்ற கழகமாயின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 உதவுகிறது. குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யும் சங்கம் தன் நோக்கங்கள், துணைவிதிகள், நிர்வாகிகள் ஆகிய விவரங்களை அளிக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலுள்ள இத்தாள்களைப் பங்கின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால், கழகத்தை நடத்தியவர்களின் குடும்ப உறவுகளை மீட்டெடுக்க இயலும்.

பதிவு பெறாத கழகங்களுக்கு வாய்மொழியே சான்று. அதன் நிலைதான் கவலைக்குரியது. 2017 நவம்பர் 29, 30 நாள்களில் வீசிய ஒக்கிப் புயலில் குமரி மாவட்ட மீனவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அவர்களில் பெரும்பகுதியினர் இவ்வெட்டு ஊர்களைச் சேர்ந்தவர்கள். இங்குக் கள ஆய்வு மேற்கொள்பவர் குழுப் படமொன்றில் உள்ளோரின் பெயரைக் கேட்கும்போது, விடையோடு ஒரு இழப்பையும் கேட்க நேரலாம். நேர்காணலை வென்ற ஆட்டங்களிலிருந்து தொடங்காமல், படத்தை முன்வைத்துப் பேசுபவரே தொடங்க விடுவது முறையாகும்.

இவ்வழிமுறை உள்நாட்டு எல்லையோர ஊர்களுக்கும் பொருந்துமா என்பது சோதிக்கத்தக்கது. ஆர்.கே.பேட்டையை உள்ளடக்கிய திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அங்குக் கடலின் இடத்தில் தறி உள்ளது. பங்குப் பதிவேட்டின் இடத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பேரேடுகளை வைத்து, இளைஞர் விளையாட்டுக் குழுக்களின் பெயர்ப் பட்டியல்களோடு ஒப்பிடுவதிலிருந்து அச்சோதனையைத் தொடங்கலாம்.