குறியின் அளவும் குழலின் கரியும்

துப்பாக்கி நேராகச் சுடவில்லை என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டால், அனுபவமுள்ள ஆசிரியர் அவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்பார். எவ்வளவு பெரிய குறியைப் பார்த்துச் சுட்டீர்? துப்பாக்கியை எப்படித் துடைத்தீர்? முதற் கேள்வி கண்ணைப் பற்றியது; அடுத்தது இரும்பைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால் நல்ல துப்பாக்கிகள் பல கெட்ட பெயர் எடுக்கின்றன. சில துப்பாக்கிகள் துடைத்துத் துடைத்தே கெட்டும் போகின்றன. தேசிய மாணவர் படையில் சுடப் பழகுவோருக்கு இது மதிப்பெண் பற்றிய விஷயம். இரவில் தனியே காவல் நிற்பவருக்கோ இது உயிரைப் பற்றிய விஷயம்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கைக் கலை என்பர். நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு கலைதான். 100 மீட்டர் தூரத்தில் ஒரு கலை என்பது சற்றேறக்குறைய 3 சென்டிமீட்டர். 200 மீட்டரில் 6. 300 மீட்டரில் 9. ஆகவே குறியின் அளவைச் சென்டிமீட்டரில் மட்டும் சொல்வது பாதிச் செய்திதான்; எவ்வளவு தூரத்தில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சர்வதேசப் போட்டிகளின் குறியட்டைகளைப் பார்த்தால் இக்கணக்கின் நுட்பம் விளங்கும். 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அவ்வளவு தூரத்தில் வெறுங்கண்ணால் அதைக் காணவே இயலாது. ஆனால் அதைச் சூழ்ந்துள்ள கரிய வட்டத்தின் விட்டமோ 112.4 மில்லிமீட்டர். 300 மீட்டர் போட்டியில் கரிய வட்டம் 600 மில்லிமீட்டர், பத்தாம் வட்டம் 100 மில்லிமீட்டர். இரு தூரங்களிலும் கரிய வட்டம் கண்ணுக்கு ஏழெட்டுக் கலை அளவினதாகவே தோன்றுகிறது. கரிய வட்டம் கண்ணுக்காக ஏற்பட்டது. பத்தாம் வட்டம் கணக்குக்காக ஏற்பட்டது. இந்த வேறுபாட்டை அறியாமல், சிறு புள்ளியொன்றை வைத்துச் சுட்டால் கைத்திறம் பெருகும் என்று எண்ணுவோர் பலர்.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பத்தாம் வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அதில் பாயும் ஈயக் குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர்! சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலப் பதக்கம் பெற்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகப் புகழ் பெற்றதும் இந்தப் புள்ளியைக் கொண்டுதான். ஆனால் அவர்களும் புள்ளியைப் பார்த்துச் சுடுவதில்லை. 30.5 மில்லிமீட்டர்க் கரிய வட்டத்தைத் துப்பாக்கியின் முன்வளையத்துக்குள் நடுவே நிறுத்தி, சுற்றிலும் ஒரே சீராக வெள்ளை தெரிகிறதா என்று பார்த்தே விசையை அழுத்துகின்றனர்.

படைத் துப்பாக்கியில் வளையத்துக்குப் பதிலாக நிமிர்ந்த சிறு கம்பி ஒன்று முன்குறியாக இருக்கும். அக்கம்பி ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ளதென்றும், கண்ணிலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறதென்றும் கொள்வோம். 100 மீட்டருக்கு அப்பால் அது 20 சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். அங்கே 5 சென்டிமீட்டர்ப் புள்ளியை வைத்தால் அது கம்பிக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். சுடுபவர் ஊகத்தில் சுடுவார். 60 சென்டிமீட்டர் வட்டத்தை வைத்தாலோ நடு எது என்று கண் தடுமாறும். கம்பியின் அகலத்துக்கு ஏறத்தாழச் சமமான 20 சென்டிமீட்டர் வட்டத்தை வைத்து, அதன் அடிவிளிம்பு கம்பியின் தலையில் அமர்ந்தாற்போல் பிடித்தால் கண் தவறுவதற்கு இடம் குறைவு. 25 மீட்டர் தூரத்தில் இதே கணக்குப்படி 5 சென்டிமீட்டர் வட்டம் போதும். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கிக்கு விதி வேறு. அதன் குறுக்கிழை மெல்லியது. ஆதலால் 100 மீட்டரிலும் மூன்று சென்டிமீட்டர்க் கட்டம் ஒன்று நன்கு பயன்படும். மனித உருவ அட்டை, பட்டதா படவில்லையா என்பதைச் சொல்லுமேயன்றித் துப்பாக்கியின் நுட்பத்தைச் சொல்லாது.

எத்தனை குண்டுகள் சுட்டுப் பார்ப்பது என்பதும் முக்கியம். மூன்று குண்டுகள் நெருக்கமாக விழுந்துவிட்டால் அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுபவர்கள் உண்டு. அதே துப்பாக்கி, அதே கை, ஐந்து குண்டுகளை 8 சென்டிமீட்டர்ப் பரப்பில் போட்டால், பத்துக் குண்டுகளைச் சராசரியாக 10 சென்டிமீட்டரில்தான் போடும். எண்ணிக்கை கூடக் கூடப் பரப்பு விரிவது இயற்கை. பத்துக் குண்டுக்குக் குறைந்த சோதனையை நான் சோதனையாகவே கொள்வதில்லை.

இனி இரும்பின் பக்கம் வருவோம். 1962-இல் சீனப் படை எல்லையைத் தாண்டியபோது நம் வீரர்கள் பெரும்பாலோர் கையில் இருந்தது .303 ரைபிள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி அது. பின்னர் ஈசாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாரான, எஸ்.எல்.ஆர். என வழங்கிய 7.62 மில்லிமீட்டர் ரைபிள் வந்தது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். இவ்வேலையைச் செய்வது வெடிமருந்தின் வாயுவே. குழலில் உள்ள சிறு துளை வழியாக வாயுவின் ஒரு பகுதி வெளிப்பட்டு, பிஸ்டனைப் பின்னே தள்ளுகிறது. பிஸ்டன் போல்ட்டைத் தாங்கும் பாகத்தைத் தள்ளுகிறது. இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் கரி.

புகையற்ற மருந்து என்று பெயர் இருப்பினும் அது முற்றும் எரிந்து மறைவதில்லை. அதிலுள்ள பிராணவாயு அதன் கரியணுக்கள் யாவற்றையும் முழுமையாக எரிக்கப் போதாது. மருந்து மணிகளின் மேற்பூச்சாகிய கிராபைட்டும் சேர்கிறது. சூளூர்பேட்டையில் இருப்பவர்கள் ஸ்ரீஹரிகோட்டையிலிருந்து பி.எஸ்.எல்.வி. எழும்பும்போது வானில் நிற்கும் வெண்புகைத் தூணைப் பார்த்திருப்பார்கள். திட எரிபொருளிலுள்ள அலுமினியப் பொடி எரிந்த சாம்பல் அது. ராக்கெட் தன் சாம்பலை ஆகாயத்தில் விட்டுச் சென்றுவிடுகிறது. துப்பாக்கியோ தன் கரியில் ஒரு பகுதியை வயிற்றிலேயே வைத்துக்கொள்கிறது.

அக்கரி பிஸ்டன் தலையிலும், வாயு உருளையிலும், வாயுத்துளையின் வாயிலும் கல்லைப்போல் இறுகுகிறது. எஸ்.எல்.ஆரில் மிகுதி வாயுவை வெளியேவிடும் ஒழுங்குக் கருவி ஒன்று உண்டு. கரி சேர்ந்து துப்பாக்கி தயங்கும்போது, அதை ஓரிரு படி திருகி மூடினால் பிஸ்டனுக்கு வாயு அதிகம் கிடைத்து வேலை தொடரும். இது அவசரத்துக்கு உதவும் அருமையான ஏற்பாடு. ஆனால் திருகித் திருகியே காலத்தைக் கடத்துபவர் நோயை மறைக்கிறாரேயன்றித் தீர்க்கவில்லை. திருகுவதற்கு இடமில்லாத நாளில் துப்பாக்கி நின்றுவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிஸ்டனில் உள்ள கரி துப்பாக்கியை நிறுத்தும். குண்டைப் பெரும்பாலும் விலக்காது. போல்ட் திறந்துகொள்வதற்குள் குண்டு குழலை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே குண்டுகள் சிதறினால் பிஸ்டனைச் சுரண்டிப் பயனில்லை. குழலையும், திருகுகளின் இறுக்கத்தையும், தோட்டாவையும், தம் மூச்சையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

துடைக்கும் முறைக்கு வருவோம். முதலில் தோட்டாக் கூட்டைக் கழற்றி, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். பிஸ்டனையும் வாயு அடைப்பையும் கரி நீக்கும் எண்ணெயில் சிறிது நேரம் ஊறவிட்டுப் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் கரி இளகிவரும். கத்தி, உப்புத்தாள் இரண்டும் ஆகா. பிஸ்டன் உருளைக்குள் பொருந்தும் நுண்ணிய அளவு அவற்றால் தேய்ந்துபோகும். பளபளப்பு வேண்டியதில்லை, கட்டி போனால் போதும். பிறகு இப்பாகங்களை உலரத் துடைத்து, எண்ணெயின்றியே மாட்ட வேண்டும். இங்கே தடவும் எண்ணெய் அடுத்த குண்டிலேயே எரிந்து புதுக் கரியாகும். போல்ட் நகரும் தடங்களுக்கோ மெல்லிய எண்ணெய் தேவை.

குழலை அறைப்பக்கத்திலிருந்தே வாய்ப்பக்கமாகத் துடைக்க வேண்டும். புல்த்ரூ கயிற்றைச் சாய்வாக இழுத்து இழுத்தே குழல்வாயின் விளிம்பைத் தேய்த்துவிட்ட துப்பாக்கிகள் .303 காலத்தில் ஏராளம். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அவ்விளிம்பே. அது ஒருபுறம் தேய்ந்தால் எந்தத் தூய்மையும் குண்டுக்கூட்டத்தைச் சேர்த்துவைக்காது. அக்காலத் தோட்டாக்களின் முனைமருந்தில் குளோரேட் உப்பு இருந்ததால், சுட்டவுடன் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவினர். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை. எனினும் பழவேற்காடு ஏரியைப் போன்ற உப்புக்காற்று வீசும் கரைகளில், கரி ஈரத்தை ஈர்த்துத் துருவுக்கு வழி செய்யும். ஆதலால் அன்று சுட்டதை அன்றே துடைத்து, குழலில் எண்ணெயை மென்படலமாக விடுவது நலம்.

எண்ணெய் தடவிய குழலின் முதற் குண்டு சற்று விலகி விழக்கூடும். சுடுமுன் உலர்ந்த துணியை ஒருமுறை இழுத்துவிட்டு, ஓரிரு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட வேண்டும். போட்டிகளில் முன்சோதனைக் குண்டுகளுக்கு நேரம் ஒதுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதன்பின் ஏற்ற அளவுள்ள வட்டத்தில் பத்துக் குண்டுகள் சுட்டு, கூட்டத்தின் அகலத்தை அளந்து, தேதியோடும் இதுவரை சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அவ்வகலம் விரியத் தொடங்கினால் குழலைக் கவனிக்க வேண்டும். அகலம் அப்படியே இருந்து, துப்பாக்கி மட்டும் தயங்கினால் பிஸ்டனைக் கழற்ற வேண்டியதுதான்.