கழுத்தில் பதுங்கும் புற்றுநோய்! கைக்கும் சிக்காது, ஸ்கேனுக்கும் தப்பும்

செஞ்சி:

"பீடி குடிச்சா தொண்டை கம்மத்தானே செய்யும்!" என்று செஞ்சி டீக்கடைகளில் பேசுவோர் உண்டு. ஆனால் 3 வாரமாகியும் கம்மல் தீராவிட்டால் குரல்வளைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

குரல் நாணில் வந்தால் குரலே காட்டிக் கொடுத்துவிடும். அங்கே நிணநீர்க் குழாய்கள் குறைவு. நோய் சீக்கிரம் பரவாது.

நாணுக்கு மேலே வந்தால்தான் ஆபத்து! குரல் சீக்கிரம் மாறாது. நோயோ சத்தமில்லாமல் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்விடும். தடவினால் தெரியாது. கடுகை விடச் சிறிய பரவல் ஸ்கேனுக்கும் தப்பும்.

அதனால்தான் வீக்கமே இல்லாவிட்டாலும் டாக்டர்கள் முடிச்சுகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அல்லது கழுத்துக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு தருகிறார்கள்.

"கட்டியே இல்லையே, எதுக்கு கத்தி?" என்று ஓடிவிடாதீர்கள்! முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியும் புதுச்சேரி ஜிப்மரும் செஞ்சிக்கு பஸ் தூரம்தான்.