ரப்பர் பாலில் ஓர் அச்சு

1:87 அளவில் ஒரு ரயில் மாதிரி செய்கிறீர்கள். பாதையோரக் கருங்கல் சுவரில் ஒரு துண்டைச் செதுக்கி முடித்தாயிற்று. இன்னும் இருபது வேண்டும். அத்தனையையும் கையால் செதுக்க வேண்டியதில்லை. செதுக்கியதற்கு ஓர் அச்சு எடுத்தால் போதும்.

எதில் எடுப்பது? லேடெக்ஸில், அதாவது ரப்பர் மரத்துப் பாலில். கன்னியாகுமரிப் பக்கத்தவர்களுக்கு அறிமுகமான பொருள்தான். ஆனால் மரத்தில் வடிந்ததை அப்படியே பூச வேண்டாம்: பாதிக்கு மேல் தண்ணீர், சீக்கிரம் திரிந்தும் போகும். டப்பாவில் வாங்குவது நீரைக் குறைத்து, அம்மோனியா (கெடாமல் காக்கும் காரப்பொருள்) சேர்த்தது. நெடி மூக்கில் ஏறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பலூனோ ரப்பர் கையுறையோ பட்டால் அரிப்பு வருபவர்கள் இதைத் தொடவே கூடாது.

மொத்தமாக ஊற்றிவிட்டால் என்ன? மேலே ஆடை கட்டும். உள்ளே நாள்கணக்கில் பாலாகவே இருக்கும். நீர் ஆவியானால்தான் இது காயும். எனவே பிரஷ்ஷால் மெல்லிய பூச்சாகப் பூசுங்கள், சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் விளிம்பு விட்டு. முதல் பூச்சுக்கு அவசரமே கூடாது. கல்லின் கொத்தல் தடமெல்லாம் அதில்தான் பதிகிறது. ஒரு குமிழி தங்கிவிட்டால், வார்க்கும் ஒவ்வொரு துண்டிலும் ஒரு மரு முளைக்கும். ஊதி உடையுங்கள்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? வெள்ளை போய்த் தேன் நிறம் வரும். பிறகுதான் அடுத்த பூச்சு. இப்படி எட்டு, பத்து வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். நடுவில் காஸ் துணி வைத்துப் பூசினால் கிழியாது. பிரஷ்ஷை முன்கூட்டியே சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் அது குச்சிதான்.

உரிப்பதற்கு முன் மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு கூடு வார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய ரப்பர் தானாக நிமிர்ந்து நிற்காது. உரிக்கும்போது முகப் பவுடர் தூவ மறந்தால் ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது.

அளவு மாறுமா? மாறும். லேடெக்ஸின் பெரிய குறை இதுதான். காய்ந்தபின் சுருங்கும், ஐந்து சதவீதம் என்றே வைத்தாலும் பத்து சென்டிமீட்டர் சுவரில் அரை சென்டிமீட்டர் போய்விடும். உங்கள் 1:87 உலகத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை அடி! பாறை, மூட்டை, கல்சுவரில் யாருக்கும் தெரியாது. ஜன்னல் சட்டம், சக்கரம் போல ஒன்றில் ஒன்று பொருந்த வேண்டியவற்றுக்கு சிலிக்கோன்தான் சரி. செலவு கூடும், வேறு வழியில்லை.

எதை வார்க்கலாம்? பிளாஸ்டர், மெழுகு இரண்டும் நன்றாக வரும். பாலியெஸ்டர் ரெசின் (கலந்ததும் சூடேறி இறுகும் பிசின்) வேண்டாம், அச்சை அரித்துவிடும்.

எண்ணெய், வாசலின், வெயில் மூன்றும் ரப்பருக்கு எமன். செம்பும் பித்தளையும் அப்படியே. மாதிரியில் அவை இருந்தால் முதலில் வார்னிஷ் அடித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அச்சைக் கழுவி, உலர்த்தி, பவுடர் தூவி, அதன் கூட்டுக்குள்ளேயே வைத்து இருட்டில் வையுங்கள். பிசுபிசுக்கத் தொடங்கிய அச்சை மீட்க முடியாது. அதனால், முதலில் செதுக்கிய அந்தத் துண்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.