தட்டிலிருந்து மூச்சுக்குழாய் வரை: ஒரு கொழுப்பின் பயணம்

மாணவர்களே, மதியம் பொரித்த கெம்போங் மீன் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் மீனின் சொந்தக் கொழுப்பும் உண்டு, பொரித்த செம்பனை எண்ணெயும் உண்டு. குடலைவிட்டுக் கிளம்பும் இந்தக் கொழுப்பு, இதயத்தைக் கடந்ததும் முதலில் எந்த உறுப்பை அடையும்? பலரும் கல்லீரல் என்பார்கள். குடலிலிருந்து சர்க்கரை முதலில் போவது அங்கேதான். ஆனால், கொழுப்பின் பெரும்பகுதி முதலில் நுரையீரலுக்குப் போகிறது.

இதற்குக் காரணம் அதன் அளவு. சிறுகுடலில் பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக்குகிறது. லிப்பேஸ் என்ற நொதி அதிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கிறது. குடற்சுவரின் உயிரணுக்கள் அவற்றை உறிஞ்சி, மறுபடியும் கொழுப்பாக இணைத்து, உருண்டைகளாகக் கட்டி அனுப்புகின்றன. கைலோமைக்ரான் எனப்படும் இந்த உருண்டைகள் அங்குள்ள இரத்த நுண்குழாய்களுக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. எனவே நிணநீர்க் குழாய் வழியே மேலேறி, கழுத்தின் இடப்பக்க அடியில் உள்ள சிரையில் கலக்கின்றன. அங்கிருந்து இதயத்தின் வலப்பக்கம், அடுத்தது நுரையீரல். (தேங்காய்ப் பாலில் உள்ள குட்டையான கொழுப்பு அமிலங்களில் ஒரு பகுதி மட்டும் நேரே கல்லீரலுக்குப் போய்விடும்.)

உருண்டைகள் உடலைச் சுற்றிவரும்போது, நுண்குழாய்ச் சுவரில் காத்திருக்கும் ஒரு நொதி அவற்றிலிருந்து கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. இவை நீரில் எளிதில் கரையாதவை. ஆகவே அல்புமின் என்ற புரதம் இரத்தத்தில் அவற்றைச் சுமந்து செல்கிறது.

மூச்சுக்குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் உயிரணுக்களுக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் இரத்தக் குழாய்கள். கொழுப்பு அமிலம் வருவது இரத்தப் பக்கமிருந்து. ஆய்வுக்கூடத்திலும் இந்த உயிரணுக்களை அப்படித்தான் வளர்க்கிறார்கள்: நுண்துளைகள் உள்ள மெல்லிய படலத்தின்மேல் உயிரணுக்கள், மேலே காற்று, கீழே சத்துநீர்.

உயிரணுவின் சவ்வே கொழுப்பால் ஆனது. அதனால் சில கொழுப்பு அமிலங்கள் தாமாகவே நழுவி உள்ளே போகின்றன. மற்றவற்றைக் கடத்திப் புரதங்கள் உள்ளே இழுக்கின்றன. உள்ளே வந்ததும் துணைநொதி-ஏ என்ற மூலக்கூறு அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் அவை எளிதில் வெளியேற முடியாது. ஒரு பகுதி சக்திக்காக எரிக்கப்படுகிறது, ஒரு பகுதி சவ்வில் பதிக்கப்படுகிறது. அதாவது, நீங்கள் சாப்பிட்ட மீனில் ஒரு துளி உங்கள் மூச்சுக்குழாய்ச் சுவராகவே மாறிவிடுகிறது.

எந்தக் கொழுப்பு அங்கே பதிகிறது என்பது முக்கியம். செம்பனை எண்ணெயில் அதிகமுள்ள பால்மிட்டிக், ஒலியிக் அமிலங்களை உடலே தயாரித்துக்கொள்ளும். ஒமேகா-6, ஒமேகா-3 வகைகளின் மூல அமிலங்களை அதனால் தயாரிக்க முடியாது, உணவிலிருந்துதான் பெறவேண்டும். ஒமேகா-6 வகையிலிருந்து அராக்கிடோனிக் அமிலம் உருவாகிறது. கெம்போங் மீன் தருவது ஒமேகா-3. இரண்டும் சவ்வில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன.

தூசியோ புகைமூட்டமோ மூச்சுக்குழாயை உறுத்தும்போது இந்தப் போட்டியின் விளைவு தெரியும். சுவரில் இருக்கும் எதிர்ப்பு உயிரணுக்கள் தம் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தை வெட்டியெடுத்து லூக்கோட்ரையீன் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. அது மூச்சுக்குழாய்த் தசையை இறுக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் ஆபத்தானது. லூக்கோட்ரையீனைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிவியலாளர் பெங்ட் சாமுவேல்சன், 1982-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்துமா நோயாளிகள் சிலருக்கு மருத்துவர்கள் கொடுக்கும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரை, லூக்கோட்ரையீனின் வேலையைத் தடுப்பதுதான்.

ஒமேகா-3 அமிலத்திலிருந்து உருவாகும் இதே வகைப் பொருள்கள் பெரும்பாலும் வீரியம் குறைந்தவை. அப்படியானால் இன்ஹேலருக்குப் பதில் மீன் எண்ணெய் போதுமா? போதாது. ஆஸ்துமா நோயாளிகளிடம் நடத்திய சோதனைகளில் மீன் எண்ணெய் சிலவற்றில் பலன் தந்தது, சிலவற்றில் தரவில்லை. நேரக் கணக்கும் இடிக்கிறது. சவ்வில் உள்ள கொழுப்பு மாறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். மூச்சுத் திணறல் வந்தவருக்கு நிவாரண இன்ஹேலர் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்துகிறது.