வசம்பின் வாசனைப் பொருளுக்கு உணவில் தடை... அதையே குழந்தையின் நாக்கில் தடவலாமா?

ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கோ, அறப்பளீஸ்வரர் கோயிலுக்கோ கொல்லிமலை போய் வருபவர்கள் வெறுங்கையோடு இறங்குவதில்லை. மிளகு, காபிக்கொட்டை, பலாப்பழம், தேன், கூடவே கொஞ்சம் மருந்துச் சரக்கு. சித்தர்கள் வாழ்ந்த மலை, மூலிகை மலை என்ற பெயர் இருப்பதால், 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வாங்கி வந்த சரக்கு சுத்தமாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் அந்த நம்பிக்கை நேராக வசம்பில் போய் நிற்கும்.

மலையில் வாங்கினாலும் சரி, தெருமுனை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினாலும் சரி, வசம்பு வசம்புதான். இங்கே பிரச்சனை கலப்படம் அல்ல. துளி கலப்படம் இல்லாத அசல் வசம்பிலேயே இயற்கையாக இருக்கும் ஒரு வேதிப்பொருள்தான் பிரச்சனை. அதன் பெயர் பீட்டா அசரோன்.

பீட்டா அசரோன் என்றால் என்ன?

வசம்பு ஈர நிலத்தில் வளரும் செடி. அதன் கிழங்கில் ஆவியாகக்கூடிய எண்ணெய் இருக்கிறது. வசம்பை உடைத்ததும் மூக்கில் ஏறும் வாசனை அந்த எண்ணெயால் வருவது. வெளிநாடுகளில் இந்த எண்ணெயை வாசனைத் திரவியங்களிலும், சில கசப்பு மதுபானங்களில் சுவைக்காகவும் பயன்படுத்தி வந்தார்கள். நம் ஊரில் குளியல் பொடி, நலங்கு மாவு என்று வசம்பு சேராத கலவை குறைவு.

எல்லா வசம்பும் ஒன்றல்ல. குரோமோசோம் தொகுதிகளின் எண்ணிக்கையை வைத்து இதில் வகைகள் உண்டு. வட அமெரிக்காவில் வளரும் இரண்டு தொகுதி வகையில் பீட்டா அசரோன் கிட்டத்தட்ட இல்லை. ஐரோப்பாவில் உள்ள மூன்று தொகுதி வகையில் குறைவு. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் காணப்படும் நான்கு தொகுதி வகையில்தான் மிக அதிகம்; சில மாதிரிகளின் எண்ணெயில் 90 சதவீதத்தையும் தாண்டுகிறது. 'வசம்பு பாதுகாப்பானது' என்று எங்கோ ஒரு வெளிநாட்டுக் கட்டுரையில் படித்தால், அது எந்த வசம்பு என்று பார்க்க வேண்டியது அதனால்தான்.

தடை எப்போது வந்தது?

1960களில் அமெரிக்காவில் எலிகளுக்கு வசம்பு எண்ணெயை உணவில் கலந்து நீண்ட நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த எண்ணெய் நம் நாட்டு ஜம்மு வகை. எலிகளின் சிறுகுடலில் புற்றுநோய்க் கட்டிகள் வந்தன. 1968-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வசம்பு, அதன் எண்ணெய், சாறு எதையும் உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கு தொகுதி வகையிலிருந்து சுவையூட்டி தயாரிக்கவே கூடாது. மதுபானங்களில் பீட்டா அசரோன் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ராவும் அசரோனைத் தனியாக எடுத்து நறுமணப் பொருட்களில் சேர்க்கக் கூடாது என்கிறது.

சரி, இந்தியாவில்? பலருக்கும் தெரியாத விஷயம் இது. நம் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையிலேயே, உணவில் சுவையூட்டியாகப் பயன்படுத்தத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பீட்டா அசரோன் இருக்கிறது. பிஸ்கட் கம்பெனி ஒன்று அதை வாசனைக்குச் சேர்த்தால் சட்டப்படி குற்றம். ஆனால் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்குச் சட்டம் வேறு, அவற்றில் வசம்புக்கு இடம் உண்டு. வீட்டில் பாட்டி உரசிக் கொடுப்பது இந்த இரண்டு சட்டத்துக்குள்ளும் வராது.

எலிக்கு வந்தால் மனிதனுக்கும் வருமா?

நியாயமான கேள்வி. எலிகளுக்குக் கொடுத்த அளவு மிக அதிகம். வசம்பு சாப்பிட்டதால் இவருக்குப் புற்றுநோய் வந்தது என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்படவில்லை. பிறகு ஏன் கவலை? பீட்டா அசரோன் கல்லீரலில் மாற்றமடையும்போது மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் பொருளாக மாறுகிறது. மரபணுவைத் தாக்கும் பொருட்களுக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவை நிர்ணயிக்க விஞ்ஞானிகள் தயங்குவார்கள். முடிந்தவரை குறைவாக இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் சொல்வது.

புற்றுநோயை ஒதுக்கி வைத்தாலும் உடனடி விஷத்தன்மை இருக்கிறது. ஸ்வீடனில் போதை கிடைக்கும் என்று நம்பி வசம்புக் கிழங்கைத் தின்ற 30 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். எதிர்பார்த்த போதை கிடைக்கவில்லை. கிடைத்தது வாந்தி, சிலருக்கு மணிக்கணக்கில். அவர்கள் வளர்ந்தவர்கள். மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு அப்படி வாந்தி வந்தால் உடம்பில் உள்ள நீர் எவ்வளவு சீக்கிரம் வற்றும்?

இன்னொன்றும் கவனியுங்கள். சேமித்து வைத்த தானியத்தில் வண்டு வராமல் இருக்க வசம்புத் தூள் போடுவது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த வழி. பூச்சிகளின் இனப்பெருக்கத்தைத் தடுப்பதும் இதே அசரோன்தான். விதைத் தானியத்துக்கு அருமையான காவல், சந்தேகமே இல்லை.

"நாங்க எல்லாம் கொடுத்துதானே வளர்த்தோம்?"

பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லா மருந்து என்றெல்லாம் பெயர் வைத்துக் கொண்டாடிய பொருளை விட்டுவிடச் சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவர்கள் சொல்வதில் ஒரு விஷயம் உண்மை: அந்தக் காலத்தில் வசம்பை அப்படியே கொடுக்கவில்லை. விளக்கில் சுட்டுக் கரியாக்கி, உரைகல்லில் ஓரிரு இழைப்பு மட்டும் இழைத்துத் தடவினார்கள். சுடும்போது எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்பது சுட்ட நேரத்தையும் கிழங்கின் தடிமனையும் பொறுத்தது, அதை வீட்டில் அளக்க வழியில்லை. இப்போதோ சுடாத வசம்புப் பொடியே டப்பாவில் கிடைக்கிறது. ஒரு இழைப்பு இருந்த இடத்தில் கால் ஸ்பூன் வந்துவிட்டது. பாட்டியின் அனுபவம் இந்தப் பொடிக்குப் பொருந்தாது.

தேனில் குழைத்துக் கொடுப்பது இன்னும் தவறு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா நரம்புகளைப் பாதிக்கும் பொட்டுலிசம் நோயை உண்டாக்கலாம். கொல்லிமலைத் தேனாக இருந்தாலும் இதே கதைதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

வயிற்று உப்புசத்தால் குழந்தை அழுகிறது என்றால்? பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வையுங்கள். காரணம் தெரியாமல் மாலையில் வீறிட்டு அழுவது பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே குறைந்துவிடும். வசம்பு கொடுத்த வீடுகளில் 'கேட்டது' என்று தோன்றுவதில் இதற்கும் பங்கு உண்டு.

வளையல், குளியல் பொடி?

தோல் வழியாக உள்ளே போவது வாய் வழியாகப் போவதைவிடக் குறைவு, அதுவும் கழுவிவிடும் பொடி என்றால் இன்னும் குறைவு. பெரியவர்கள் நலங்கு மாவு தேய்த்துக் குளிப்பதில் பதற ஒன்றுமில்லை. பச்சிளம் குழந்தைக்கு மட்டும் தவிர்க்கலாம். பொடி மூக்கிலும் வாயிலும் போகும், தோலும் மெல்லியது. வசம்பு வளையலுக்கும் இது பொருந்தும். மூன்று மாதம் ஆனதும் கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். மணி அறுந்தால் தொண்டையில் சிக்கும் ஆபத்து வேறு.

வசம்பு கொடுத்த பிறகு குழந்தை விடாமல் வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள், மீதமுள்ள பொடியையும் டப்பாவையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. கடையில் வாங்கும் உரை மருந்து, பேபி பவுடர் லேபிளில் வசம்பு என்றே இருக்காது. வச்சா, ஸ்வீட் ஃப்ளாக், அக்கோரஸ் கலாமஸ் என்று எழுதியிருந்தாலும் அது வசம்புதான்.