தன்னையே செரிக்கும் கணையம்

இரைப்பையின் பின்னே, முதுகெலும்பின் முன்னே, குறுக்காகக் கிடக்கும் சுரப்பி கணையம் எனப்படும். அதன் நீளம் ஏறக்குறைய 15 செ.மீ. ஆகும். பழந்தமிழ் நூல்களில் கணையம் என்னுஞ் சொல் கோட்டை வாயிலைக் காக்கக் குறுக்கே இடும் மரத்தைக் குறிக்கும். உடலின் குறுக்கே கிடக்கும் இவ்வுறுப்பிற்கும் அப்பெயர் நன்கு பொருந்துகின்றது.

இன்சுலினைச் சுரந்து குருதியிற் கலப்பது கணையத்தின் ஒரு தொழில். செரிமான நீரைச் சுரந்து முன்சிறுகுடலுக்கு அனுப்புவது மற்றொரு தொழில். அந்நீர் ஊனையும் கொழுப்பையும் கரைக்க வல்லது. அங்ஙனமாயின், ஊனால் ஆகிய கணையத்தை அது கரைக்காதிருப்பது எவ்வாறு? ஊனைக் கரைக்கும் டிரிப்சின் என்னும் நொதி, கணையத்துள் டிரிப்சினோஜன் என்னும் செயலற்ற நிலையிலேயே சுரக்கின்றது. குடலை அடைந்த பின்னரே அது செயல்வலி பெறும். பெற்றதும் ஏனைய நொதிகளையும் தூண்டும். உறையிலிட்ட வாள் போருக்கு முன் உருவப்படாமை போன்றது இது. அவ்வாள் உறைக்குள்ளேயே கூர்கொண்டு உறையை அறுப்பின் யாது நிகழும்? அதுவே கடுங்கணைய அழற்சி. கணையம் தன்னைத் தானே செரித்துக்கொள்ளும் இந்நிலையை 1896-ஆம் ஆண்டில் பிராகு நகரத்து மருத்துவ அறிஞர் ஹான்ஸ் கியாரி எடுத்துரைத்தார்.

இந்நோய்க்குப் பெருங்காரணங்கள் பித்தக்கல்லும் மதுவும் ஆம். பித்தக்குழாயும் கணையக்குழாயும் பெரும்பாலோர்க்கு ஒரே வாயிலாகக் குடலில் திறக்கின்றன. 1901-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், இந்நோயால் இறந்த ஒருவரின் உடலை யூஜின் ஓப்பி என்பார் ஆராய்ந்தார். அவ்வாயிலைச் சிறு கல் ஒன்று அடைத்திருந்தது. பெருங்கல் பித்தப்பையிலேயே தங்கிவிடும். குறுகிய குழாயில் இறங்கி வந்து இடர் விளைப்பது சிறு கல்லே. குருதியில் டிரைகிளிசரைடு என்னுங் கொழுப்பு மிகுதல், சில மருந்துகள், வயிற்றில் அடிபடுதல் முதலியனவும் காரணமாதல் உண்டு.

மேல்வயிற்றில் கடுவலி தோன்றி முதுகு வரை பரவும். மல்லாந்து படுப்பின் வலி மிகும். முன்குனிந்து அமரின் சற்றுத் தணியும். பலமுறை வாந்தி எடுத்தாலும் வலி நீங்குவதில்லை. இதனை வாயுக்கோளாறு எனக் கருதிக் கசாயம் பருகிக் காலங்கடத்துவோர் உளர். அஃது இரங்கத்தக்கது, பெரும்பாலோர் உரிய மருத்துவத்தால் ஒரு வாரத்தில் நலம் பெறுவராயினும், நோய் முற்றியவர்க்கு நுரையீரலும் சிறுநீரகமும் சில நாளிலேயே தளர்ந்து உயிர்க்கு இறுதி நேரலாம்.

முற்காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்தாலன்றி இந்நோயை உறுதி செய்தல் அரிதாயிருந்தது. குருதியிலுள்ள அமைலேஸ் என்னும் நொதியை அளந்து நோயறியலாம் என்பதை 1929-ஆம் ஆண்டில் ராபர்ட் எல்மனும் அவருடன் உழைத்தோரும் காட்டினர். இந்நாளில் லைப்பேஸ் என்னும் நொதியையும் அளக்கின்றனர். இந்நோய்க்கே உரிய வலி, இயல்பின் மேல்வரம்பைப் போல் மும்மடங்கேனும் உயர்ந்த நொதியளவு, ஊடுகதிர் முதலிய படங்களிற் காணும் அழற்சி ஆகிய மூன்றனுள் இரண்டு அமைந்தாலே நோய் துணியப்படும். கல் உண்டா என அறியக் கேளா ஒலியலைப் படமும் எடுப்பர். நொதியின் அளவு நோய் உண்டென்பதைக் காட்டுமேயன்றி, அதன் கடுமையைக் காட்டாது. ஆதலின் மருத்துவர் நோயாளியின் மூச்சையும் நாடியையும் சிறுநீரின் அளவையும் இரவும் பகலும் நோக்கியே நோயின் போக்கை அறிகின்றனர்.